மிஸ்டர் பீன் எங்கே கிடைத்தார்? பிரிட்டன் பல்கலைக்கழக சொசைட்டிகள் பற்றிக் கொஞ்சம்

'மாணவர் சங்கம்' என்றால் நமக்குக் கொடி, கோஷம், ஸ்டிரைக்தான் முதலில் ஞாபகம் வரும். பிரிட்டனில் மாணவர்களுக்காகப் பேசுகிற அமைப்புக்குப் பெயர் ஸ்டூடன்ட்ஸ் யூனியன். அதன் கீழேயும், சில இடங்களில் அதற்குச் சம்பந்தமே இல்லாமலும், 'சொசைட்டி' என்ற பெயரில் நிறைய குழுக்கள் இயங்குகின்றன. செஸ், மலையேற்றம், பாலாடைக்கட்டி ருசிப்பது வரைக்கும் எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்கு. எனக்கு இங்கே வேண்டியது நாடகம், நகைச்சுவை, பத்திரிகை, வானொலி, சினிமா வகையறா மட்டும். என் அக்கா பையன் செப்டம்பரில் ஒரு வருட முதுகலைக்கு அங்கே போகிறான். "மாமா, இதிலெல்லாம் சேர்ந்தா படிப்பு கெடுமா?" என்று கேட்டான். அதற்காகத் தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்புகள்.

மிஸ்டர் பீனிலிருந்து ஆரம்பிக்கலாம். ரோவன் அட்கின்சன் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். நியூகாசிலில் இளங்கலை முடித்துவிட்டு, 1975-ல் ஆக்ஸ்ஃபோர்டு குயீன்ஸ் கல்லூரிக்கு அதே துறையில் முதுகலைக்குப் போனார். நம்ம பையன்கள் போகிற அதே வழி. அங்கே மாணவர் நாடகக் குழுக்களிலும் 'ஆக்ஸ்ஃபோர்டு ரெவ்யூ'விலும் நடிக்கப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸ், இன்னொருவர் இசையமைப்பாளர் ஹோவர்ட் குடால். 1990-ல் மிஸ்டர் பீன் தொலைக்காட்சிக்கு வந்தபோது எழுதியவர்களில் கர்ட்டிஸ் இருக்கிறார், இசை குடால். நடுவில் பதினைந்து வருஷம்!

நான் சொல்ல வருவது இந்தப் பதினைந்து வருஷத்தைத்தான். அந்தக் குழுக்களில் அட்கின்சனுக்கு யாரும் நடிப்பு வகுப்பு எடுக்கவில்லை. ஆசிரியர் இல்லை, பாடத்திட்டம் இல்லை, மார்க் இல்லை. கிடைத்தது கூட்டாளிகள். இன்னும் பேர் வாங்காத, அதே பசியோடு இருக்கிற, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஒரு வசனத்தை மாற்றி எழுதத் தயாராக இருக்கிற நாலு பேர். வேலைக்குப் போனபிறகு அந்த மாதிரி ஆட்களைத் தேடிப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

கேம்பிரிட்ஜில் இதற்கு இன்னும் பழைய உதாரணம் உண்டு. 'ஃபுட்லைட்ஸ்' என்ற நகைச்சுவை நாடகக் குழு 1883-ல் தொடங்கியது. மான்ட்டி பைத்தான் குழுவின் ஆறு பேரில் ஜான் கிளீஸ், கிரஹாம் சாப்மன், எரிக் ஐடில் மூவரும் இங்கிருந்து வந்தவர்கள். கிளீஸ் படித்தது சட்டம், சாப்மன் மருத்துவம். மைக்கேல் பேலினும் டெர்ரி ஜோன்ஸும் ஆக்ஸ்ஃபோர்டு. ஆறாவது ஆள், டெர்ரி கில்லியம், அமெரிக்கர்.

'ஹவுஸ்' தொடரில் டாக்டராக வந்த ஹியூ லாரி கதை இன்னும் சுவாரசியம். அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனது படகுப் போட்டிக்காக என்றே சொல்லலாம். சுரப்பிக் காய்ச்சல் வந்து துடுப்பைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. சும்மா இருக்க முடியாமல் ஃபுட்லைட்ஸ் பக்கம் போனார். அங்கே எம்மா தாம்சன், ஸ்டீபன் ஃப்ரை. 1981-ல் அவர்கள் எடின்பரோ விழாவுக்குக் கொண்டுபோன நிகழ்ச்சிக்குத்தான் முதல் பெரியர் நகைச்சுவை விருது கிடைத்தது.

இப்படிப் பெயர்களை அடுக்கினால் 'ஆஹா, என்ன திறமைசாலிகள்' என்றுதான் தோன்றும். எனக்கு வேறு கேள்வி வருகிறது. அந்த அறைக்குள் வராதவர்கள் யார்? ஃபுட்லைட்ஸ் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டதே 1960-களின் நடுவில், எரிக் ஐடில் தலைவராக இருந்தபோதுதான். தொடங்கி எண்பது வருஷம் கழிச்சு. அதுவரை எத்தனை எம்மா தாம்சன்கள் பார்வையாளர் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்களோ.

இன்று அந்த மாதிரித் தடைகள் இல்லை. பிரெஷர்ஸ் ஃபேர் என்று செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சந்தை நடக்கும். ஒவ்வொரு குழுவும் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும். பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வரலாம், சேருவதற்குக் கட்டணமும் பொதுவாகச் சொற்பம்தான். கதவு திறந்தேதான் இருக்கு. ஆனால் உள்ளே தங்குவதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் காசு வேண்டும். ஆகஸ்டில் எடின்பரோவுக்கு நாடகம் கொண்டுபோனால் வாரக்கணக்கில் அங்கே தங்க வேண்டும். விழா சமயத்தில் அந்த ஊரில் வாடகை கொள்ளை. சம்பளம் கிடையாது. கோடை விடுமுறையில் கடையில் நின்று அடுத்த வருட வாடகை சேர்க்க வேண்டிய மாணவர் என்ன செய்வார்? சட்டன் டிரஸ்ட் 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், பிரிட்டன் செய்தித்தாள்களில் பத்தி எழுதுபவர்களில் 44 சதவீதம் பேர் தனியார் கட்டணப் பள்ளியில் படித்தவர்கள் என்று இருக்கிறது. மொத்த மக்கள்தொகையில் அப்படிப் படித்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். சொசைட்டிகள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சம்பளமில்லாமல் பழகிக்கொள்ள யாரால் முடிகிறதோ அவர்தான் முன்னால் போகிறார் என்பது நிச்சயம்.

பத்திரிகைப் பக்கம் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும்: பத்திரிகை யாருடையது? ஆக்ஸ்ஃபோர்டிலேயே இரண்டு இருக்கின்றன. 'செர்வெல்' 1920-ல் தொடங்கியது, மாணவர்களே நடத்தும் ஒரு தனி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 'ஆக்ஸ்ஃபோர்டு ஸ்டூடன்ட்' 1991-ல் மாணவர் யூனியன் தொடங்கியது. யூனியன் பணத்தில் நடக்கிற பத்திரிகை யூனியன் தலைவரைப் பற்றி எழுதும்போது ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கும். தனி நிறுவனம் என்றால் அந்தத் தயக்கம் இல்லை, ஆனால் விளம்பரம் பிடித்து அச்சுச் செலவை அதுவே சமாளிக்க வேண்டும். அவதூறு வழக்கு வந்தால் 'நாங்க பசங்கதானே' என்றெல்லாம் தப்பிக்க முடியாது. வானொலி என்றால் பாட்டுப் போடுவதற்கு உரிமம். இந்தத் தலைவலிகள்தான் உண்மையான பயிற்சி என்று நினைக்கிறேன்.

இனி அக்கா பையனுக்கு. மூன்று வருட இளங்கலைக்காரர்களுக்கு ஏற்ற மாதிரி அமைந்த ஏணி இது. முதல் வருஷம் எடுபிடி, இரண்டாவது வருஷம் பொறுப்பு, மூன்றாவது வருஷம் தலைவர். அடுத்த ஆண்டுக்கான நிர்வாகிகளை வசந்த காலத்தில் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஒரு வருட முதுகலைக்காரன் அந்த 'அடுத்த ஆண்டு' அங்கே இருக்கமாட்டான். கோடை முழுக்க ஆய்வேடு வேறு. ஆக அவன் கையில் இருப்பது அக்டோபர் முதல் மார்ச் வரை, அவ்வளவுதான். ஜனவரியில் பார்த்துக்கலாம் என்று விட்டால் போச்சு.

விசா விஷயம் ஒன்று. பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். சுயதொழிலுக்கும், 'என்டர்டெயினர்' என்ற வகை வேலைக்கும் அதில் அனுமதி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. சொசைட்டி மேடையில் சும்மா நடிப்பது பொழுதுபோக்கு. அதைப் பார்த்துவிட்டு ஊர் பப்பில் ஒருவர் "வெள்ளிக்கிழமை வா, ஐம்பது பவுண்டு தரேன்" என்றாலோ, ஒரு பத்திரிகை கட்டுரைக்கு ஃப்ரீலான்ஸாகப் பணம் தருகிறேன் என்றாலோ, வாங்குவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் விசா பார்க்கிற அலுவலகத்தில் கேட்டுவிடணும்.

எதில் சேரலாம் என்றால், நேராக நடிக்கப் போகாதே என்பேன். நடிக்க ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள், ஆங்கில உச்சரிப்பும் அங்கே ஒரு கணக்காகிவிடும். விளக்கு, ஒலி, அரங்கப் பொருள் பக்கம் எப்போதும் ஆள் பற்றாக்குறை. பத்திரிகையில் பிழைதிருத்தவும் பக்கம் போடவும் அதே நிலைமை. கேம்பிரிட்ஜ் ஏ.டி.சி. அரங்கில் ஒரே வாரத்தில் சாயங்காலம் ஒரு நாடகம், இரவு 11 மணிக்கு இன்னொன்று என்று ஓடும். அத்தனைக்கும் யாராவது ஏணியில் ஏறி விளக்கு மாட்டணும் இல்லையா? எலெக்ட்ரிகல் படித்தவனை அவர்கள் விடவே மாட்டார்கள்.

கடைசிக் காட்சி முடிந்ததும் பல இடங்களில் அன்று ராத்திரியே செட்டைப் பிரித்துவிடுவார்கள். அதற்கு 'கெட்-அவுட்' என்று பெயர். முன்னனுபவம் கேட்கமாட்டார்கள். பழைய சட்டை, நல்ல ஷூ, முடிந்தால் ஒரு ஸ்பானர். ஒரு மணி வரை பலகை தூக்கிவிட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். அடுத்த நாடகத்துக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான்.