கறுப்பு உடல், மஞ்சள் கூரை

மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்ற டாக்ஸி மேசை மேல் உயிர்பெறுகிறது. எல்லாம் பெயின்ட் செய்யும் வேலை.

2023 அக்டோபர் இறுதியோடு மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்ஸியின் காலம் முடிந்தது. 20 வயதைத் தாண்டிய டாக்ஸி அங்கே ஓடக்கூடாது. பதிவான கடைசி பத்மினிக்கும் அந்த வயது வந்துவிட்டது. இனி அது பலருக்கும் 16 செ.மீ. நீளப் பொருள்தான்: நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி கார்.

வடிவத்தை பிளாஸ்டிக் தந்துவிடும். அதை மும்பை டாக்ஸி ஆக்குவது வர்ணம். சிக்கலும் அங்கேதான். நிஜக் காரின் மேலுள்ள பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 0.1 மி.மீ. கனம்தான். அதே கனத்தை மாதிரியின் மேல் பூசினால், நிஜக் காரில் 2.4 மி.மீ. அப்பியதற்குச் சமம். கதவின் இடுக்குகள் தூர்ந்துவிடும். கார் சோப்புக் கட்டிபோல ஆகிவிடும்.

எனவே பொறுமை. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். பிறகு பிரைமர். அதன் மேல் மெல்லிய பூச்சாக மூன்று, நான்கு முறை ஸ்பிரே. ஒரே பூச்சில் முடிக்க நினைப்பவருக்குக் கிடைப்பது வழிந்த பெயின்ட். மழைக்காலம் இன்னொரு எதிரி. வேகமாக உலரும் பெயின்ட் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு பால்போல வெளிறிவிடும்.

மஞ்சள் முதலில், கறுப்பு பிறகு. மஞ்சளுக்குக் கறுப்பை மறைக்கும் சக்தி கிடையாது. அதன் அடியில் வெள்ளை பிரைமர் இருந்தால்தான் எடுப்பாகத் தெரியும். கூரையை டேப் ஒட்டி மூடியதும், அனுபவசாலிகள் ஒரு தந்திரம் செய்வார்கள். டேப்பின் ஓரத்தில் மீண்டும் மஞ்சளையே லேசாக அடிப்பார்கள். இடுக்கில் கசிவது மஞ்சளாகவே இருக்கும். அடுத்து வரும் கறுப்புக்கு நுழைய வழியிராது. டேப்பை உரித்தால் கோடு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும்.

கடைசியாக அலங்கார வேலை. ஜன்னல் ரப்பருக்குப் பளபளப்பில்லாத கறுப்பு. குரோமியப் பட்டைக்கு வெள்ளி பெயின்ட் போதாது, சாம்பலாகத் தெரியும். பின்பக்கம் பசையுள்ள, மிக மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி, பல்குச்சியால் அழுத்தி, புது பிளேடால் ஓரம் நறுக்குகிறார்கள். கை நழுவினால் பல நாள் பெயின்டில் கீறல் விழும்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். ஷோரூம் பளபளப்போடு விட்டுவிடலாமா? மும்பைக்காரர்கள் ஏறி இறங்கிய பத்மினி அப்படி இருந்ததில்லை. வெயிலில் மங்கிய கூரை, சக்கரத்துக்கு மேலே சேற்றுத் தெறிப்பு, கைப்பிடியைச் சுற்றித் தேய்ந்த கறுப்பு. அவற்றையும் தீட்டத் துணிகிறவரின் மேசையில்தான் அந்த டாக்ஸி சவாரிக்குக் காத்து நிற்கிறது.