ஒரு கட்டம் போதுமா?

அந்தமானில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவின் முன்னோர் தமிழரும் பர்மாக்காரரும். அம்மா வங்காளி. பிள்ளைகளிடம் அம்மா பேசுவது இந்தி. இந்த வீட்டின் தாய்மொழி எது? சாதி எது? படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

அந்தமானில் இப்படிக் கலந்த குடும்பங்கள் பல உண்டு. காரணம் என்ன?

1858-ல் ஆங்கிலேயர் இங்கே கைதிகளைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கைதிகள் வந்தார்கள். பெண் கைதிகளும் வந்தார்கள். நன்னடத்தை உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொண்டு, பயிர் செய்து பிழைக்க அனுமதி பெற்றார்கள். பல சாதி, பல மொழி, பல மதம் கலந்தன. அவர்களுடைய சந்ததியாரை 'லோக்கல் பார்ன்' என்பார்கள். இங்கேயே பிறந்தவர்கள் என்று பொருள்.

தாய்மொழி

மக்கள் கணக்கெடுப்பில் இதற்கு விதி உண்டு. சிறு வயதில் அம்மா உங்களிடம் பேசிய மொழியே உங்கள் தாய்மொழி. ஆகவே மேலே சொன்ன வீட்டில் அம்மாவுக்கு வங்காளம் என்றும், பிள்ளைகளுக்கு இந்தி என்றும் எழுதலாம். ஒரே வீட்டில் வேறு வேறு பதில் வருவது தவறல்ல. தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் சொல்லலாம்.

சான்றிதழ்

அம்மா நிக்கோபாரி பழங்குடி, அப்பா பழங்குடி அல்லாதவர் என்றால் பிள்ளை யார்? இதைப் பொறுத்துத்தான் உதவித்தொகையும் வேலை ஒதுக்கீடும் கிடைக்கும். பொதுவாக அப்பாவின் சாதியையே பார்ப்பார்கள். ஆனால் அதுவே முடிவல்ல என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளை அம்மாவின் மக்களோடு வளர்ந்ததா? அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா? அவர்களுடைய கஷ்டங்களை அந்தப் பிள்ளையும் பட்டதா? இவற்றைச் சாட்சியோடு காட்டலாம்.

சாதி

அடுத்த கணக்கெடுப்பில் எல்லாருடைய சாதியும் கேட்கப்படும் என்று 2025-ல் மத்திய அரசு அறிவித்தது. தாத்தா ஒரு சாதி, பாட்டி ஒரு சாதி என்றால் ஒரு பெயர் எப்படிப் போதும்? அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க இடம் தந்தார்கள். நம் படிவத்திலும் அப்படி இடம் இருந்தால் உண்மையை முழுதாக எழுதலாம்.

உங்கள் பதிலை நீங்களே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் அம்மா உங்களிடம் எந்த மொழியில் பேசினார்?
2. படிவத்தில் எத்தனை கட்டம் இருந்தால் உங்கள் குடும்பத்தைச் சரியாகச் சொல்ல முடியும்?