தோட்டத்துக் குழந்தையும் காமன் கூத்தும்

கண்டி நகருக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் புசல்லாவை, கலகா, தெல்தோட்டை முதலிய மலைப்பகுதிகள் உள்ளன. மாசி மாதம் பிறந்துவிட்டால் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் இரவு நேரத்தில் தப்போசை எழும். அது காமன் கூத்துக்கான அழைப்பு. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் நடைபெறும் இக்கூத்து, மலையகத்தில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பச் சொத்து எனலாம்.

கதை யாவரும் அறிந்ததே. சிவபெருமானின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகின்றான். போக வேண்டாம் என்று இரதி தடுக்கின்றாள். அவன் கேளாது செல்கின்றான். நெற்றிக்கண் திறக்கின்றது, மன்மதன் சாம்பலாகின்றான். இரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் அவனுக்கு மீண்டும் உயிரளிக்கின்றார். வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றி, நாள்தோறும் ஆடிப் பாடி, பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனம் நிகழ்த்துவது வழக்கம். வேடம் புனைவோர் விரதம் காப்பர்.

இக்கலை கடல் கடந்து வந்தது எவ்வாறு? 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867இல் தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கினார். இத்தோட்டங்களில் உழைக்க வந்தவர்கள் ஏடுகளைச் சுமந்து வரவில்லை. பாட்டையும் தாளத்தையும் நெஞ்சிலே கொண்டு வந்தார்கள். ஒரே அறை கொண்ட லயத்து வீட்டில் தந்தை பாடப் பிள்ளை கேட்டது, அதுவே பள்ளி. முதல் ஆண்டில் பந்தம் பிடித்த சிறுவன், பின்னர் தப்புக் காய்ச்சக் கற்றான். வளர்ந்தபின் வேடம் கட்டினான்.

இச்சங்கிலி பலமுறை அறுபடும் நிலைக்கு வந்ததுண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. அண்ணன் கப்பலேற, தம்பி தோட்டத்தில் நின்றான். பாடுபவன் ஒரு கரையிலும் தாளம் போடுபவன் மறு கரையிலுமாகப் பிரிந்தபோது, எஞ்சியவர்கள் தமக்குத் தெரிந்த அளவைக் கொண்டே கூத்தை நடத்தினார்கள்.

இன்றைய இடர் வேறு வகையினது. இளைஞர் பலர் கொழும்பில் வேலை செய்கின்றனர். விரதத்திற்கும் ஒத்திகைக்கும் விடுப்புக் கிடைப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கின்றது. கைப்பேசியில் படம் பிடித்து வைத்தாற் போதாதா என்று கேட்போரும் உளர். படம் கூத்தை நினைவூட்டும். ஆனால், பாடும் குரலையும் அடியெடுத்து ஆடும் காலையும் அது தராது.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளையை வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்துச் செல்லாமல், அதற்கென ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்தல் வேண்டும். கம்பத்திற்கு வைக்கோல் சுமப்பதாயினும், தப்புக் காய்ச்ச நெருப்பு மூட்டுவதாயினும் போதும். இரதி வேடத்தை ஆண்களே புனைவது மரபு. எனினும், அவளுடைய புலம்பலை வீட்டில் மகளுக்குக் கற்பிப்பதற்கு எத்தடையும் இல்லை. அப்பாட்டைத் தோட்டத்தில் முதலிற் பாடியவர் யார், அதை அவரிடமிருந்து கற்றவர் யார் என்பதையும் கூடவே சொல்லுதல் நன்று. தன் பாட்டனார் பாடிய பாட்டு இது என்று அறிந்த குழந்தை, அதை எளிதில் மறந்துவிடாது.