கண்ணில் படாத மூன்று படகுகள்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால், அருகிலேயே கேத்தே கட்டடம். 1943 அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்த இடம் அது. அங்கிருந்து சில நிமிட நடையில் ஒய்எம்சிஏ. அதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில், அதே மாதத்தில், சிங்கப்பூர் மக்கள் பலர் அடைத்து வைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். அது அப்போது ஜப்பானிய ராணுவக் காவல் படையான கெம்பெய்தாயின் அலுவலகம். அந்தக் கொடுமைக்குத் தூண்டுதலாக அமைந்தவை, யார் கண்ணிலும் படாத மூன்று சிறு படகுகள்.

அந்தப் படகுகள் ஏன் கண்ணில் படவில்லை? இதற்கு விடை தேட முதலில் தேக்கா சந்தையின் மீன் கடைக்குப் போவோம். கானாங்கெளுத்தி மீனை உற்றுப் பாருங்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி நிறம். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு மீனின் பின்னணி இருண்ட கடல். அதோடு கரிய முதுகு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்குப் பின்னணி ஒளிமிக்க வானம். அதோடு வெளிறிய வயிறு கலந்துவிடும். ஒரே உடம்பில் இரண்டு நிறங்கள். எந்த நிறம் மறைக்கும் என்பதைப் பார்க்கும் கண் எங்கே இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. உருமறைப்பின் முதல் விதி இது.

இப்போது ஒரு கேள்வி. இரவில் ஒளிந்து செல்ல வேண்டிய படகுக்கு என்ன நிறம் பூசுவீர்கள்? என் வகுப்பில் கேட்டால் எல்லாரும் “கறுப்பு” என்பார்கள். இங்கிலாந்தில் காட்டு வாத்து வேட்டைக்குப் போனவர்களோ தங்கள் தட்டையான சிறு படகுகளுக்கு வெளிர் சாம்பல் நிறம் பூசினார்கள். காரணம் எளிது. நீரில் மிதக்கும் வாத்தின் கண் நீர்மட்டத்தில் இருக்கிறது. அது படகைப் பார்க்கும்போது பின்னணியாகத் தெரிவது வானம். நிலவில்லாத இரவிலும் வானம் முழு இருட்டாக இருப்பதில்லை. அதன் முன்னே கறுப்புப் படகு தெளிவான நிழலுருவாகத் தெரிந்துவிடும்.

அப்படி வாத்து வேட்டையாடியவர்களில் ஒருவர் பீட்டர் ஸ்காட். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த அவர், 1940இல் தம் போர்க்கப்பலான ‘புரோக்’கில் வெளிறிய நிறங்களைப் பூசிச் சோதித்தார். அந்த முறை பிறகு அட்லாண்டிக் கடலில் சென்ற பல கப்பல்களுக்குப் பரவியது. வேட்டையை விட்டுவிட்ட ஸ்காட், 1961இல் உலக வனவிலங்கு நிதியம் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவரானார்.

நம் கண்ணும் இதில் பங்கு வகிக்கிறது. விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி. இரவில் கூம்பு செல்கள் ஓய்ந்துவிடுகின்றன. அப்போது நாம் நிறத்தைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறோம். பின்னணியோடு அந்த வேறுபாடு குறையக் குறையப் படகு மறையும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 1943 செப்டம்பர் 2ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து ‘கிரைட்’ என்ற படகு 14 பேருடன் புறப்பட்டது. கிரைட் என்றால் கட்டுவிரியன் பாம்பு. சுமார் 21 மீட்டர் நீளமுள்ள அது, உண்மையில் ‘கோஃபுக்கு மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகு. ஜப்பானியக் கொடி ஏற்றி, உடம்பில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, எதிரியின் கடலுக்குள்ளேயே அவர்கள் பயணம் செய்தார்கள். இதுவும் உருமறைப்புதான். பார்த்தவர்களுக்கு அது வழக்கமான மீன்பிடிப் படகு!

சிங்கப்பூருக்கு அருகிலுள்ள தீவுகளில் ஆறு பேர் இறங்கினார்கள். செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, மூன்று மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்து, கப்பல்களின் இரும்பு உடலில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகளைப் பொருத்தினார்கள். அந்தப் படகுகளின் நிறம் கறுப்பு. கப்பலின் உயரமான மேல்தளத்தில் நிற்கும் காவலர் கீழ்நோக்கிப் பார்க்கிறார். அவருக்குப் பின்னணி இருண்ட நீர். வாத்து வேட்டைக்கு வெள்ளை சரி. இங்கே கறுப்பு சரி. விதி ஒன்றுதான். விடிவதற்குள் ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. ஆறு பேரும் தப்பினார்கள்.

படகுகளை யாரும் பார்க்கவில்லை. அதனால், வெளியிலிருந்து யாரும் வரவில்லை, உள்ளே இருப்பவர்களே செய்திருக்க வேண்டும் என்று கெம்பெய்தாய் முடிவு கட்டியது. சாங்கி சிறையில் இருந்தவர்கள் மீதும், நகரில் அவர்களுக்கு உதவியவர்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. அக்டோபர் 10ஆம் தேதி கைதுகள் தொடங்கின. பிடிக்கப்பட்ட 57 பேரில் 15 பேர் இறந்தார்கள். எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் அடைபட்டிருந்தார். அந்தப் படகுகளைப் பற்றி இவர்களுக்கு எதுவுமே தெரியாது.

வீட்டில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு கறுப்புக் காகிதப் படகும் ஒரு வெள்ளைக் காகிதப் படகும் செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புத் துணி மீது வைத்து மேலிருந்து பாருங்கள். பிறகு மங்கிய ஒளி வரும் சன்னலின் விளிம்பில் வைத்து, கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். எது எப்போது மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: ‘நான் பார்க்கவில்லை’ என்பது ‘அது இல்லை’ என்பதற்குச் சான்று ஆகாது. ஆய்வுக்கூடத்தில் இதை மறந்தால் மதிப்பெண் போகும். 1943இல் உயிர்கள் போயின. ஒய்எம்சிஏ அருகே அந்த நாட்களை நினைவூட்டும் பலகை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை டோபி காட் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.