உயரம் பத்தாதா? சேத்ரியின் 95 கோலும் எங்க வீட்டுப் பையனும்

போன மாசம் அக்கா பையன் ஒரு செலக்‌ஷனுக்குப் போய்ட்டு வந்தான். 14 வயசு. கல்மண்டபத்துலேர்ந்து காசிமேட்டு மணல் வரைக்கும் எங்க பந்து உருண்டாலும் அங்க நிப்பான். அன்னைக்கு வந்தவன் பேசாம படுத்துட்டான். சாயந்திரம்தான் வாயைத் திறந்தான்: "ஃபார்வர்டு ஆட ஹைட் பத்தாதாம் மாமா."

அன்னையிலேர்ந்து பூட்ஸைத் தொடல. எந்த கிளப்னு இங்கே எழுதப் போவதில்லை. அவங்க சொன்ன காரணம் சரியா என்பதுதான் எனக்குக் கேள்வி. அதுக்காகத் தேடிப் படிச்ச குறிப்புகள் இவை.

நம்ம நாட்டிலேயே பதில் இருக்கு. சுனில் சேத்ரி, 1984-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். உயரம் சுமார் 170 சென்டிமீட்டர். 2005-ல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிரா முதல் சர்வதேச ஆட்டம், அதிலேயே கோல். 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத் ஆட்டத்தோடு விடை பெற்றபோது 151 ஆட்டங்களில் 94 கோல். மறுபடி அழைத்தார்கள், வந்தார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிரா 95-வது கோல். ஆண்கள் சர்வதேசக் கால்பந்தில் இந்த எண்ணிக்கைக்கு மேலே ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி என்று ரொம்பச் சிலர்தான்.

இங்கே ஒருத்தர் கையைத் தூக்குவார்: "யாருக்கு எதிரா அடிச்சாரு?" நியாயமான கேள்வி. மாலத்தீவு, நேபாளம், வங்கதேசம் என்ற பெயர்கள் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருது. இந்தியா உலகக் கோப்பைக்குப் போனதில்லை. ஆகவே மெஸ்ஸியின் கோலையும் இவர் கோலையும் ஒரே தராசுல வைக்க முடியாது. ஆனா முக்கியமான நாளில் அடிக்கலைன்னும் சொல்ல முடியாது. 2008 ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதியில் தஜிகிஸ்தானுக்கு எதிரா மூன்று கோல். அந்த வெற்றிதான் இந்தியாவை 2011 ஆசியக் கோப்பைக்குக் கொண்டுபோச்சு. அங்கே பஹ்ரைனுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராகவும் அவர் பேர்ல கோல் இருக்கு.

எனக்கு முக்கியமாப் பட்டது வேற. 2021 ஜூன், தோஹா, வங்கதேசம்: ஆஷிக் குருனியன் கிராஸ், சேத்ரி தலையால் கோல். அதே வருஷம் அக்டோபர், மாலே, சாஃப் இறுதியில் நேபாளம்: பிரீத்தம் கோட்டால் கிராஸ், மறுபடி தலை. மேலே சொன்ன அந்த 95-வது கோல்: லிஸ்டன் கொலாசோ கிராஸ், அதுவும் தலை. அப்போ அவருக்கு வயசு 40. குள்ளமானவர், வயசும் ஆச்சு, ஆனா வானத்துல வர்ற பந்தை எடுக்கிறார். எப்படி?

வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்க. கிராஸ் வரும்போது டிஃபெண்டருக்கு ரெண்டு வேலை: பந்தையும் பார்க்கணும், ஆளையும் பார்க்கணும். ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா சுலபம். சேத்ரி அவர் தோளுக்குப் பின்னால போய் நிப்பார். பந்தைப் பார்த்தா ஆள் தெரியாது, ஆளைப் பார்த்தா பந்து தெரியாது. கிராஸ் போடுறவர் கால் தூக்கும்போதுதான் இவர் கிளம்புவார். நின்ன இடத்துல குதிக்கிறவனைவிட ஓடி வந்து குதிக்கிறவன் மேலே போவான். உயரத்துல குறையிறதை நேரத்துல சரிக்கட்டுறார், அவ்வளவுதான்.

இது புதுசும் இல்ல. ஸ்காட்லாந்தில் ஜிம்மி மெக்ரோரி என்று ஒருவர். கிளாஸ்கோவில் கார்ன்காட் என்ற தொழிலாளர் பகுதியில் பிறந்தவர். எண்ணூர், திருவொற்றியூர் மாதிரி ஆலைகள் சூழ்ந்த இடம். உயரம் சுமார் 5 அடி 6 அங்குலம். செல்டிக் அணிக்காக ஆடி, 1937-ல் ஓய்வு பெறும்போது எல்லா ஆட்டங்களும் சேர்த்து 550 கோல். 1928-ல் டன்ஃபெர்ம்லின் அணிக்கு எதிரா ஒரே ஆட்டத்தில் 8. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் தலையால் அடிச்ச கோல்கள்தான்.

உயரம் தேவையே இல்லைன்னு நான் சொல்ல வரல. நீளமா தூக்கிப் போடுற பந்துக்கும், கார்னருக்கும் உயரமானவன் கண்டிப்பா உதவுவான். எல்லாக் குள்ளப் பையனும் சேத்ரி ஆகப் போறதும் இல்ல. சேத்ரிக்கே கதவுகள் மூடியிருக்கு: 2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்க இருந்தும், ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லாததால் பிரிட்டனில் வேலை அனுமதி கிடைக்கல. அது அவர் கையில இல்லாத விஷயம். உயரமும் அப்படித்தான். அதுலயும் 14 வயசுப் பையன் இன்னும் வளருவான். இன்னைக்கு அளந்து நாளைக்குத் தீர்ப்பு சொல்றது எப்படிச் சரியாகும்? பந்து வரும்போது எங்க நிக்கிறான், எப்போ கிளம்புறான்னு பத்து கிராஸ் போட்டுப் பார்த்திருக்கலாம். அதுக்குப் பத்து நிமிஷம் போதும்.

ஷில்லாங் கோலை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். மூணு தடவை பார்த்தான். "டிஃபெண்டர் இவரைப் பாக்கவே இல்ல மாமா"ன்னான். நான் சொல்லாமலே பிடிச்சுட்டான்.

போன ஞாயித்துக்கிழமை காலைல மணலுக்குப் போனோம். எனக்கு காலால கிராஸ் போட வராது, கையால எறிஞ்சேன். முப்பது எறிஞ்சதுல பதினொண்ணு உள்ளே போச்சு. அடுத்த செலக்‌ஷன் எப்போன்னு அவனே விசாரிச்சுக்கிட்டு இருக்கான்.