ஆறும் மீனும் உழவரும்

ஓர் ஆற்றை நம்பி இரு தொழிலினர் வாழும் இடத்தில், ஒருவர் வெற்றி மற்றவர் நஷ்டத்தில் முடியுமானால் அந்த வெற்றி நீடிப்பதில்லை. அமெரிக்காவின் கிளாமத் ஆறு இதற்குச் சான்று.

ஆரிகன் மாகாணத்து ஏரியொன்றில் புறப்பட்டு, வடகலிபோர்னியா வழியே பசிபிக் கடலில் கலக்கும் அந்த ஆறு சால்மன் மீனுக்குப் பெயர் பெற்றது. கடலில் வளர்ந்த மீன் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறி வரும். யூரோக், காருக் முதலிய பழங்குடி மக்களுக்கு அதுவே ஜீவாதாரம். 1905-இல் ஏரி நீரைக்கொண்டு பாசனத் திட்டம் ஏற்பட்டது. உருளைக்கிழங்கும் தீவனப்புல்லும் விளைந்தன. பின்னர், 1918 தொடங்கி, மின்சாரத்துக்கென நான்கு அணைகள் எழுந்தன. மீனின் வழி அடைபட்டது.

2001-இல் கடும் வறட்சி. அருகிவரும் மீனினங்களைக் காக்க வேண்டி, பெரும்பாலான உழவர்க்கு வாய்க்கால் நீர் நிறுத்தப்பட்டது, பயிர் காய்ந்தது. மறு ஆண்டு உழவர்க்கு நீர் விடப்பட்டது. ஆற்றில் நீர் குறைந்து வெப்பமேறி, நோய் பரவிற்று. 2002 செப்டம்பரில் குறைந்தது 34,000 மீன்கள் மாண்டு மிதந்தன.

இரு சாராரும் அடிபட்ட பின்னரே சமரசம் பிறந்தது. உழவர்களும் பழங்குடியினரும் மீனவர்களும் பல ஆண்டுகள் கூடிப் பேசி, 2010-இல் இரண்டு உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டனர். ஒன்று அணைகளை அகற்றுவது. மற்றது நீரைப் பங்கிடுவது. அணைகள் மின்சாரத்துக்கானவை, ஆகவே, அவற்றை அகற்றுவதால் பாசன நீர் குறையாது என்பது வழியை எளிதாக்கிற்று.

2024-இல் நான்கு அணைகளும் அகற்றப்பட்டு முடிந்தன. அவ்வாண்டு அக்டோபரிலேயே சால்மன், நூறாண்டுகளுக்கு மேலாகக் காணப்படாத ஆரிகன் பகுதியை எட்டிற்று.

எனினும் வேலை பாதியே முடிந்தது. நீர்ப்பங்கீட்டு உடன்படிக்கைக்கு அமெரிக்கப் பாராளுமன்றம் சட்ட அங்கீகாரம் அளிக்காமையால் அது 2015 இறுதியில் காலாவதியாயிற்று. மீனுக்கு வழி திறந்தது. வறட்சிக்காலத்தில் யாருக்கு எவ்வளவு நீர் என்ற கேள்வி தீரவில்லை.

அங்கத்தினர்களே! சாயம் தோய்க்கவும் நீர் வேண்டும், வயலுக்கும் நீர் வேண்டும். பங்கீட்டை நீர் நிறைந்த ஆண்டிலேயே பேசி, எழுத்தில் பதிந்து, சட்டபூர்வமாக்கிக் கொள்ளுங்கள். நீர் வற்றிய பின் கூடும் கூட்டத்தில் கோபமே மிஞ்சும்.