கேட்டது கடவுளின் குரலா?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், தமிழ்நாட்டின் பல சபைகளில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்துக்கொள்வார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த அட்டையில் ஒரே ஒரு வேத வசனம் அச்சிட்டிருக்கும். பிறக்கப்போகும் ஆண்டுக்காக ஆண்டவர் தனக்கே சொன்ன சொல் என்று அதைப் பைபிளுக்குள் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறு எண்ணிக்கையினர்தான். ஆனாலும் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எனப் பல பிரிவினரும் இங்கே இருக்கிறார்கள். 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்ற பேச்சு இவர்கள் பலரிடையே சகஜம். வெளியே இருந்து பார்ப்பவருக்கோ அது வியப்பாகவோ ஆபத்தாகவோ தோன்றலாம். கடவுள் பேசுகிறார் என்ற நம்பிக்கை கிறிஸ்தவத்தில் எவ்வளவு பழையதோ, கேட்டதைச் சோதித்துப் பார் என்ற கட்டளையும் அவ்வளவு பழையது. அந்தச் சோதனையைத் தனியாள் தன் மனத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ள முடியாது; அது சபை கூடிச் செய்ய வேண்டியது.

முற்காலத்தில் இறைவாக்கினர் வழியாகப் பேசிய கடவுள் இறுதியில் தம் மகன் வழியாகப் பேசினார் என்று எபிரேயருக்கு எழுதிய திருமுகம் தொடங்குகிறது. ஆகவே கிறிஸ்தவருக்கு இயேசுவே கடவுளின் முதன்மையான சொல். வேதம், ஜெபம், மனச்சாட்சி, அருளடையாளங்கள், சக மனிதர் என எந்த வழியில் வரும் செய்தியும் அவரோடு ஒத்துப்போக வேண்டும். இவற்றுள் வேதம் எல்லோரையும் வாசிப்பு வழியாக எட்டிவிடுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு சுமார் 68.5 சதவீதம், மாநிலத்திலேயே அதுதான் கடைசி இடம். அச்சிட்ட தாள் வழியாக மட்டுமே கடவுள் பேசுவார் என்றால், இங்கே பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ஆனால் திருத்தூதர் பவுலின் கடிதங்கள் தொடக்கத்திலிருந்தே சபை நடுவே உரக்க வாசிக்கப்பட்டவை. 1715-இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட பிறகும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேதம் காது வழியாகத்தான் எட்டியது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தின் ஆலயங்களிலும் ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி, பிறகு மறையுரை என்பதே வரிசை. வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால், பிடித்த வசனத்தை மட்டும் பொறுக்கியெடுக்க வழியில்லை. பிடிக்காததையும் கேட்டே ஆக வேண்டும்.

இதன் அவசியத்தை வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் ஒரு வசனமே காட்டுகிறது. உங்களுக்கு நல்ல எதிர்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்னும் பொருளில் எரேமியா 29-ஆம் அதிகாரத்தில் வருவது அது. அட்டையில் தனியே படித்தால், இந்த ஆண்டே வேலையும் வீடும் கிடைத்துவிடும் என்று தோன்றும். அதிகாரம் முழுவதையும் வாசித்தால் கதை வேறு. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு சமூகத்துக்கு எழுதிய கடிதம் அது. விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறார் எரேமியா. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற இறைவாக்கினர், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று கடவுளின் பெயராலேயே அறிவித்திருந்தார். மக்கள் கேட்க விரும்பியதை அனனியா சொன்னார். வேதம் எரேமியாவின் பக்கம் நிற்கிறது. பிழைப்புக்காக பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகும் தருமபுரிக் குடும்பங்களுக்கு அந்த முழுக் கடிதம் சொல்வது, ஒற்றை வசனம் சொல்வதைவிட ஆழமானது.

உள்ளே கேட்கும் குரல் நம் ஆசையின் எதிரொலிதான் என்பது, கடவுள் பேசுகிறார் என்ற நம்பிக்கைக்கு எழும் முதல் மறுப்பு. அது பல நேரங்களில் உண்மை. வேதமே அதை ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் எல்லா ஆவிகளையும் நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள் என்று யோவானின் முதல் திருமுகம் எச்சரிக்கிறது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் 'தீர்க்கதரிசனம்', ஏழையின் கைப்பணத்தைக் குறிவைக்கும் 'தேவசெய்தி' ஆகியவை நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவோடு ஒத்துப்போகின்றனவா என்று கேட்டாலே சாயம் வெளுத்துவிடும். கடவுள் பேசுவது உண்மையென்றால் சபைகள் ஏன் முரண்படுகின்றன என்பது அடுத்த கேள்வி. கத்தோலிக்கர் வேதத்தோடு திருச்சபையின் போதனையையும் மரபையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சீர்திருத்த மரபினர் வேதமே இறுதி அளவுகோல் என்கிறார்கள். தீர்க்கதரிசன வரம் இன்றும் உண்டு என்பது பெந்தெகொஸ்தே சபையாரின் உறுதி. ஆனால் இறைவாக்கினர் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்ற பவுலின் அறிவுரை இவர்கள் எல்லோருடைய பைபிளிலும் இருக்கிறது. இந்தச் சோதனை நம்பாதவருக்குக் கடவுளை நிரூபித்துக் காட்டாது. பொய்க்குரலை அடையாளம் காட்ட அது போதும்.

எனவே 'கடவுள் என்னோடு பேசினார்' என்று சொல்பவர், அதே மூச்சில் கேள்விகளுக்கும் இடம்கொடுக்க வேண்டும். மேடையில் நிற்கும் போதகருக்கு இந்தக் கடமை இரட்டிப்பு. பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்றும், அவர்கள் பெருந்தன்மையானவர்கள் என்றும் திருத்தூதர் பணிகள் நூல் பாராட்டுகிறது. கேள்வி கேட்கும் விசுவாசியை அவிசுவாசி என்று ஒதுக்கும் சபை, தன் வேதமே பாராட்டியவர்களைத்தான் ஒதுக்குகிறது.